சிவப்பு விளக்கின் முன்னே

தர்மபுரி நான்கு ரோட்டில் சிவப்பு விளக்கின் முன் நாம் நிற்கிறோம். குறுக்குச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஆயினும் விளக்கு மாறக் காணோம். பின்னாலிருப்பவர் ஹாரனை அலற விடுகிறார். (ஹாரனுக்குப் பயந்து மாறிய விளக்கு உலகில் உண்டோ?)

விளக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் எவருக்கும் பயனின்றிக் கழிகின்றன. அடிக்கடி மாற்றினால் அந்த நஷ்டம் பெருகும். நெடுநேரம் மாற்றாவிட்டால் காத்திருப்போர் பொறுமை கரையும். இரண்டுக்கும் நடுவே தக்க காலம் எதுவென்று கணக்கிட, பிரிட்டனில் வெப்ஸ்டர் என்பவர் 1958-இல் ஒரு சூத்திரம் வகுத்தார். அதற்கு வேண்டியது வண்டிகளின் எண்ணிக்கை. காலையில் எண்ணியது நடுப்பகலுக்குப் பொருந்தாது. முகூர்த்த நாளுக்கோ எதுவுமே பொருந்தாது!

பொறுமையிழந்து சிவப்பில் பாய்கிறவருக்கு நாம் பரிந்து பேசவில்லை. பச்சையை நம்பிக் குழந்தையுடன் சாலையைக் கடக்கும் தாய்க்கு அவரே யமன். ஆனால், சுதந்திர நாட்டில் ஜனங்கள் விதிக்கு அடங்குவது தடிக்குப் பயந்து அல்ல. அது நியாயமென்று தோன்றுவதால்தான். வெறுஞ் சாலைக்கு மரியாதை செய்யச் சொல்லும் விளக்கு அந்த எண்ணத்தையே குலைக்கிறது. ஆண்டுக்கொரு முறையேனும் சந்தியில் ஆள் நிறுத்தி, வண்டிகளை எண்ணி, வேளைக்குத் தக்கவாறு விளக்கின் நேரத்தைத் திருத்தினால் என்ன?