கை ஆடாவிட்டாலும் படம் ஆடுமா?
பள்ளி விளையாட்டு விழாவில் உங்கள் பெண் முதலாவதாக ஓடி வருகிறாள். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸைக் கொண்டுதான் படம் எடுக்கிறீர்கள். ஆனாலும் அவள் முகம் கலங்கித் தெரிகிறதே, ஏன்?

மாற்றிப் பொருத்தும் லென்ஸ்களில் இந்த உபாயத்தை முதன்முதலாக 1995-ல் புகுத்தியது கானன் கம்பெனி. உள்ளே இருக்கும் கண்ணாடி வில்லைகள், கையின் ஆட்டத்துக்கு ஈடாக நகர்ந்து பிம்பத்தை நிறுத்துகின்றன. உங்கள் கையைத்தான் அது அடக்கும், ஓடுகிறவளை அடக்குமா?

அவளை நிறுத்துவது ஷட்டரின் வேகம்தான். விநாடியில் 1000-த்தில் ஒரு பங்கு வையுங்கள். வெளிச்சம் போதவில்லையா? ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுங்கள். படத்தில் சற்றுப் புள்ளி தட்டினாலும் முகம் தெளிவாக விழும்.

ஓடுகிறவளோடு காமிராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பதானால், லென்ஸின் விசையை 2-ஆம் நிலைக்குத் தள்ளுங்கள். மேலும் கீழுமான நடுக்கத்தை மட்டும் அது கவனித்துக்கொள்ளும்.

பந்தயம் மறுபடி நடக்காது, அம்மா! முதல் நாளே தெருவில் ஓடும் சைக்கிள்களை எடுத்துப் பழகிவிடுங்கள்.