ரூபஸ் புட்னம்

ரூபஸ் புட்னம் (ஏப்ரல் 9, 1738 – மே 4, 1824) அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவராகவும் பொறியாளராகவும் பணியாற்றியவர். போருக்குப் பின் ஒகையோ ஆற்றங்கரையில் மரியெட்டா நகரை நிறுவினார். ஒகையோ ஆற்றுக்கு வடமேற்கிலிருந்த நிலப்பகுதியில் அமெரிக்கர் அமைத்த முதல் நிலையான குடியேற்றம் அதுவே.

மாசச்சூசெட்ஸின் சட்டன் என்னும் ஊரில் பிறந்த புட்னம், ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயை மறுமணம் செய்தவர் எழுத்தறியாதவர். சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பவும் விரும்பவில்லை. விடுதிக்கு வருவோர் கொடுத்த சில்லறையில் வெடிமருந்து வாங்கி, பறவைகளைச் சுட்டு விற்று, அந்தப் பணத்தில் எழுத்துப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் வாங்கியதாகப் புட்னம் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். அக்குறிப்பு முழுவதும் எழுத்துப்பிழைகள் மலிந்தவை. பின்னர் ஆலை கட்டும் தொழில் பழகினார். 1757 இல் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரில் படைவீரராகச் சேர்ந்தார்.

1776 மார்ச்சில் பாஸ்டன் நகரம் பிரித்தானியர் வசம் இருந்தது. அதை நோக்கி நின்ற டார்செஸ்டர் குன்றுகளில் அரண் அமைக்க வாஷிங்டன் விரும்பினார். ஆனால் நிலம் உறைந்து கிடந்ததால் தோண்ட முடியவில்லை. மரச்சட்டங்களை வேறிடத்தில் செய்து, இரவோடு இரவாகக் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்து, சுள்ளிக்கட்டுகளால் நிரப்பும் வழியைப் புட்னம் முன்வைத்தார். இராணுவப் பொறியியல் நூல் ஒன்றை இரவல் வாங்கிப் படித்ததில் கிடைத்த யோசனை அது. மார்ச் 17 அன்று பிரித்தானியர் நகரைவிட்டு வெளியேறினர்.

போர் முடிந்தபோது வீரர்களுக்கு ஊதியமாகக் கிடைத்தவை மதிப்பிழந்த கடன் சான்றிதழ்களே. அவற்றைக் கொடுத்து மேற்கே நிலம் பெறலாம் என்ற எண்ணத்தில், 1786 இல் பெஞ்சமின் டப்பர் முதலியோருடன் ஒகையோ நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் மனாசே கட்லர் என்ற பாதிரியார் நாடாளுமன்றத்துடன் பேசி நிலத்தைப் பெற்றுத் தந்தார். குளிர்காலத்தில் மலைகளைக் கடந்து, படகுகள் கட்டி, 48 பேர் 1788 ஏப்ரல் 7 அன்று மஸ்கிங்கம் ஆறு ஒகையோவில் கலக்கும் இடத்தில் இறங்கினர். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் நினைவாக ஊருக்கு மரியெட்டா எனப் பெயரிட்டனர்.

அந்த நிலமோ ஷானி, டெலாவேர், வயாண்டாட் முதலிய பழங்குடிகள் வாழ்ந்து வந்த நிலம். 1791 சனவரி 2 அன்று பிக் பாட்டம் என்னும் புறக்குடியேற்றம் தாக்கப்பட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடியேறிகள் 1795 வரை அரண்களுக்குள்ளேயே அடைந்து வாழ நேர்ந்தது. வாபாஷ் ஆற்றுப்பகுதிப் பழங்குடிகளுடன் புட்னம் 1792 இல் ஓர் உடன்படிக்கை செய்தார். அவர்களது நில உரிமையை உறுதிசெய்த அதை அமெரிக்க மேலவை ஏற்கவில்லை.

1796 இல் வாஷிங்டன் இவரைத் தலைமை நில அளவையாளராக நியமித்தார். 1803 இல் ஜெபர்சன் அப்பதவியிலிருந்து நீக்கினார். கணித அறிவு போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். எதிர்க்கட்சியான கூட்டாட்சிக் கட்சியைச் சார்ந்திருந்ததும் இதற்கு உதவியிருக்க வேண்டும். இதற்கிடையே 1802 இல் ஒகையோ அரசியலமைப்பு மாநாட்டில் உறுப்பினராக இருந்து, அடிமை முறையை எதிர்த்தார்.

மரியெட்டாவுக்குத் திட்டம் வகுத்தபோது அங்கிருந்த பழங்கால மண்மேடுகள் சிலவற்றைப் பொதுநிலமாக ஒதுக்கினர். அவற்றுள் பெரிய மேட்டைச் சுற்றி அமைந்த இடுகாட்டில் புட்னம் புதைக்கப்பட்டார். இவர் வாழ்ந்த வீடு இன்று அந்நகர அருங்காட்சியகத்துக்குள் பாதுகாக்கப்படுகிறது.