இரண்டடித் தொட்டிக்கு எந்தப் பவளம்?

பவளம் வளர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சின்னத் தொட்டியில்தான் தொடங்குகிறார்கள். செலவு குறைவு, இடமும் அடைக்காது என்று நினைப்பு. ஆனால் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும். பாறையும் மணலும் போட்டால் அதிலும் குறையும். வெயில் நாளில் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியானாலே உப்பின் அடர்த்தி கூடிவிடும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் நிலைமை மோசமாகும். ஆகவே, இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பவளம் எது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா தாங்காது. நீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தன் கல்கூட்டைக் கட்டும் இனம் அது. நீரின் தன்மை நாளுக்கு நாள் மாறினால் வெளுத்துச் சாகும். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் தொட்டிக்கு வேண்டாம்.

மென்பவளங்கள்தான் பொருத்தம். காளான் பவளத்துக்கு மிதமான வெளிச்சமும் மெதுவான நீரோட்டமும் போதும். அதன் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகள் உணவின் பெரும்பகுதியைத் தந்துவிடும். தோல் பவளம் சில சமயம் பல நாள் சுருங்கிக் கிடக்கும். செத்துவிட்டதென்று தூக்கி எறியாதீர்கள். மேலே படர்ந்த மெழுகு போன்ற தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும். ஆனால் அது தண்ணீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துப் பவளங்களை ஒடுக்கும். சின்னத் தொட்டியில் அந்த நஞ்சு நீர்த்துப்போக இடமேது? ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். பவளங்களுக்கிடையே கை அகல இடைவெளி விடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஸீனியா. பூப்போன்ற கைகளை ஓயாமல் மூடித் திறக்கும். ஏன் இவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதற்குச் செங்கடலின் ஏலாத் வளைகுடாவில் ஆராய்ந்த இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2013இல் விடை சொன்னார்கள்: அந்த அசைவு உடலைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை அகற்றுவதால் நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது. இதைத் தனிக்கல்லில் வையுங்கள். பிடித்துப்போனால் களைபோலப் பரவி மற்றதையெல்லாம் மூடிவிடும்.

ஸோயாந்திட் வகை வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாயில் மூர், ஷூயர் என்ற இரு வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள். கல்லைச் சுத்தம் செய்யக் கொதிநீர் ஊற்றி, எழும்பிய ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகள் கையை விடும் தொட்டியென்றால் இந்த வகையே வேண்டாம்.

எதை வாங்கினாலும் தொட்டியில் வளர்ந்த துண்டாகப் பார்த்து வாங்குங்கள். அடிக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். ஐப்டேசியா என்ற பழுப்பு நிறத் தொல்லை உயிரி ஒட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். செத்து வெளுத்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். காரணம் நம் கரையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அந்த வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. கடற்கரையில் யாராவது பவளக் கல் விற்றால் வாங்காதீர்கள். தொட்டிக்குச் செராமிக் பாறை போதும்.