உங்களுக்குத் தெரியுமா? வீடியோவில் கறுப்பின் எண் 16!

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைப் புழுதி படிந்ததுபோல, டிவியில் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்துத் தெரிகின்றனவா? திரையைத் துடைக்க வேண்டாம், கோளாறு எண்கணக்கில்.

கணினிக்குக் கறுப்பு 0, வெள்ளை 255. வீடியோவுக்கோ கறுப்பு 16, வெள்ளை 235. சிக்னல் கொஞ்சம் எகிறினாலும் தாங்கட்டும் என்று இரு முனையிலும் இடம் விட்டுவைத்தார்கள். 1982-இல் வந்த சர்வதேசத் தரவிதி இது. புளூரே, ஓடிடி படங்கள் வரை அதே வழக்கம்தான்.

மீடியா பிளேயர் 16–235 கணக்கில் அனுப்புவதை டிவி 0–255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு வெளிறிவிடும். தலைகீழானால் இன்னும் மோசம்: நிழலில் நிற்பவர் மறைந்துபோவார், வெள்ளை வேட்டியின் மடிப்பும் தெரியாது.

பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. பிளேயரின் ‘கலர் ரேஞ்ச்’, டிவியின் ‘பிளாக் லெவல்’ இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சாம்சங் டிவியில் ‘லோ’ என்றால் 16–235, ‘நார்மல்’ என்றால் 0–255. (பெயர் வைத்தவர் குழப்பவென்றே வைத்தார் போலும்!) படம் பார்க்க மட்டும் என்றால் பிளேயரில் ‘லிமிடெட்’, டிவியில் ‘லோ’ வைத்தாலே போதும்.