டேஷ்போர்டுக்குள்ளே ஒரு கடகட!

எங்கள் அப்பா வாடகைக்கு ஓட்டும் பழைய காரில் ஓயாத ‘கடகட’ சத்தம். கங்கைகொண்டானில் ஏறிய ஒருவர், “என்ன அண்ணாச்சி, வண்டி கழண்டு விழுந்துருமோ?” என்றார். மறுநாள் அவர் வேறு காரைக் கூப்பிட்டுவிட்டார். அன்று ராத்திரி அப்பா, “நீதான் மெக்கானிக்கல் படிக்கியே, பாருல” என்றார். நமக்கோ உள்ளூர உதறல்!

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை ரேஸ் செய்தேன். சத்தமே இல்லை. ஆக, இன்ஜின் அதிர்வு அல்ல. பிறகு நான்குவழிச் சாலையில் கோவில்பட்டிப் பக்கம் போனோம். 60 கி.மீ. வேகத்தில் மட்டும் கடகட, 75-ல் காணோம்! 12 அங்குல ரிம், டயர் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். கணக்குப் போட்டால் சக்கரம் நொடிக்கு 10 சுற்று. பேலன்ஸ் சரியில்லாத சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை உதறும். அந்த 10 ஹெர்ட்ஸும் லூசான ஏதோ ஒரு பாகத்தின் இயல் அதிர்வெண்ணும் ஒத்துப்போகிறது. ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதேதான்!

அப்பா ஓட்ட, நான் ஒவ்வொரு இடமாகக் கையால் அமுக்கினேன். (காதை நம்பாதீர்கள். சத்தம் தகடு வழியே பரவி வேறு இடத்தில் கேட்கும். எனக்குக் கதவில்தான் கேட்டது!) குளோவ் பாக்ஸ் மூடியை அமுக்கியதும் கப்சிப். கீலில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். புது ஸ்க்ரூ போட்டு, மூடி இடிக்கும் ஓரத்தில் ஃபெல்ட் துண்டு ஒட்டினேன். வீல் பேலன்ஸிங் இன்னும் பாக்கி. “ரெண்டு சவாரி வரட்டும்” என்கிறார் அப்பா.