ரிப்போர்ட் ஃபைல் திறக்க மறுத்தால்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று போசரி, சிஞ்ச்வட், ஹிஞ்சவடி பக்கத்துக் கம்பெனிகளில் ‘எம்.ஐ.எஸ்.’ வேலையில் இருக்கிறார்கள். விற்பனை எவ்வளவு, ஸ்டோர்ஸில் இருப்பு எவ்வளவு, எத்தனை உருப்படி ரிஜெக்‌ஷன் ஆயிற்று என்ற கணக்குகளைப் படமாகவும் பட்டியலாகவும் மேலதிகாரிகளுக்குக் கொடுப்பது இவர்கள் பொறுப்பு. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் ‘பவர் பிஐ’ பொது உபயோகத்துக்கு வந்தபின், இந்த ரிப்போர்ட்டுகளில் பெரும் பகுதி அதற்கு மாறிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் தாபோடிக்கு மெட்ரோவும் வந்துவிட்டபடியால், ஞாயிற்றுக்கிழமைகளில் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?”

முதலில் அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ‘பிபிஐஎக்ஸ்’ என்று முடியும் பவர் பிஐ ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. டிபன் கேரியர் போல ஒரு தட்டில் ரிப்போர்ட்டின் படங்களும் அமைப்பும், இன்னொரு தட்டில் தரவுகளின் நகல், கூடவே அந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்ற முகவரி. பாஸ்வேர்ட் மட்டும் இதற்குள் பயணம் செய்வதில்லை. அது அவரவர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். ஆகையால் நண்பர் அனுப்பிய ஃபைல் உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்டால் அது பழுது அல்ல, உங்களுக்கென்று அலுவலகம் கொடுத்திருக்கும் அனுமதியைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

வருகிற கேஸ்களில் பெரும்பாலானவை வெர்ஷன் தகராறு. பவர் பிஐ டெஸ்க்டாப் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் பழைய வெர்ஷனில் திறந்தால் அது முரண்டு பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக நிறுவியிருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும். தனியாக டவுன்லோடு செய்து நிறுவியவர்கள் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு சங்கடம்: ‘ரிப்போர்ட் சர்வர்’ வைத்திருக்கும் கம்பெனிகளுக்கென்று ஒரு தனி டெஸ்க்டாப் இருக்கிறது. சாதாரண டெஸ்க்டாப்பில் சேமித்ததை அதில் திறக்கப் போனால் பல சமயம் இதே பதில்தான் வரும். பெயரும் தோற்றமும் ஒன்றாக இருப்பதால் எது எது என்று பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் கொஞ்சம் வேறு பெயர் வைத்திருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே ஓடும். மாக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஃபைலைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை.

சென்ற ஆண்டு எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இரவு ஒன்பது மணிக்கு வந்தாள். வேலையில் சேர்ந்து மூன்றே மாதம், ப்ரொபேஷன் காலம். “மாமா, நாளைக்குக் காலையிலே மீட்டிங், ஃபைல் திறக்கவே இல்லை” என்றாள். அவள் அப்பாவோ விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். திரையில் வந்த செய்தியைப் படித்துப் பார்த்தால், ‘இது புதிய வெர்ஷனில் செய்த ஃபைல்’ என்று அதிலேயே தெளிவாக இருந்தது. அவளிடம் இருந்தது எட்டு மாதப் பழசு. புதுப்பித்தோம், திறந்தது. அப்பா எழுந்து கிளம்பத் தயாராகிவிட்டார்.

ஆனால் ரிப்போர்ட்டில் கடைசித் தேதி பத்து நாள் முந்தையதாக இருந்தது. ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தியதும், குறிப்பிட்ட பாதை கிடைக்கவில்லை என்று மறுபடி எர்ரர். ரிப்போர்ட்டைச் செய்த சக ஊழியர் தரவைத் தன் சொந்த கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப் ஃபோல்டரில் வைத்திருந்தார். அந்த முகவரி இவள் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும்? ‘ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வின் கீழ் ‘டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதில் ‘சேஞ்ச் சோர்ஸ்’ போய், அலுவலகத்தின் பொது ஃபோல்டர் முகவரியைக் கொடுத்து, வி.பி.என். வழியாக இணைத்த பிறகுதான் அன்றைய கணக்கு வந்தது. அந்தப் பத்து நாட்களில்தான் ரிஜெக்‌ஷன் ஏறியிருந்தது. பழைய படத்தோடு மீட்டிங்குக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணின் பாடு என்ன ஆகியிருக்கும்!

திறக்க மறுக்கும் ஃபைலை விட, சத்தமில்லாமல் திறந்து அரைகுறைக் கணக்கைக் காட்டும் ஃபைலிடம்தான் எனக்கு அச்சம். 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ வகை ஃபைலுக்குள் ஏற்றியது. அந்த வகையில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை (புதிய வகையில் 10,48,576). மிஞ்சிய வரிசைகள் வெளியே நின்றுவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமாயிற்று. ஆகவே ஃபைல் திறந்தவுடன் இரண்டைப் பாருங்கள்: கடைசித் தேதி என்ன, மூலத்தில் உள்ள வரிசை எண்ணிக்கையும் ரிப்போர்ட்டில் உள்ளதும் ஒத்துப்போகிறதா. இரண்டு நிமிஷ வேலை.

‘இந்தப் பத்தியைக் காணவில்லை’ என்று ரிஃப்ரெஷ் நின்றால், யாரோ எக்ஸெலில் தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். ‘க்வான்டிட்டி’ என்று இருந்ததைச் சுருக்கி எழுதினாலே போதும், ரிப்போர்ட் தடுமாறிவிடும். பழைய தலைப்பைத் திருப்பிப் போட்டால் சரியாகும்.

நிஜமாகவே பழுதான ஃபைலும் உண்டு. பெரும்பாலும் டவுன்லோடு பாதியில் நின்றதாக இருக்கும். அனுப்பியவரிடம் ஃபைலின் அளவைக் கேட்டு ஒப்பிடுங்கள். ஒரு நகல் எடுத்து, அதன் பெயர் முடிவை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தும் பார்க்கலாம். திறக்கவே இல்லையென்றால் மூட்டை வழியில் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம், மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி ரகசிய முத்திரை இட்டுப் பூட்டிய ஃபைலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள், மூல ஃபைலைத் தொட வேண்டாம். நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தால் மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு முயலுங்கள். சுருக்கி வைத்திருக்கும் தரவு திறக்கும்போது விரியும், ஃபைலின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தமிழில் பெயர்கள் உள்ள சிஎஸ்வி பட்டியலை ஏற்றும்போது எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரிந்தால், ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001, அதாவது யூனிகோட் யூடிஎஃப்-8, என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1990-களில் பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பட்டியல்களுக்கு இது உதவாது. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையென்றால் வாருங்கள். வரும்போது எர்ரர் செய்தியை ஓர் எழுத்து விடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். ‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபௌட்’ பகுதியில் இருக்கும் வெர்ஷன் எண்ணையும், ஃபைலை அனுப்பியவரிடம் உள்ள வெர்ஷன் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் நலம். அலுவலக ரகசியக் கணக்குகள் உள்ள ஃபைலாக இருந்தால் லாப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தத் தாளையும் போட்டோவையும் மட்டும் கொண்டுவாருங்கள்.