பிறவிக் குணமா, பிணியா?

திருச்சிராப்பள்ளித் தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. அங்கே சாயங்கால வேளைகளில் காத்திருக்கும் பெற்றோரில் ஸ்வீகாரக் குழந்தையைக் கைப்பிடித்து வந்திருப்பவர் எவர் என்பதைப் பார்த்தால் தெரியாது, அவரும் சொல்லமாட்டார். பிள்ளை வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, சோற்றை ஒளித்து வைக்கிறது, முன்பின் அறியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுகிறது என்று மாத்திரம் சொல்லுவார். வைத்தியருக்கு முதலில் வேண்டிய செய்தி எதுவோ அதையே மறைத்துவிடுவார்.

அவரைக் குறை கூறிப் பயனில்லை. "எந்த இரத்தமோ, யார் கண்டது?" என்று வீட்டுப் பாட்டி முதல் பள்ளி உபாத்தியாயர் வரையில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். சாக்ஷி விசாரணையின்றித் தண்டனை விதிக்கும் நியாயஸ்தலம் ஒன்று உண்டென்றால், அது உறவினர் கூடிய கூடமேயாகும். சில சமூகத்தார் அனைவரையும் பிறவிக் குற்றவாளிகள் என்று அந்நிய சர்க்கார் சட்டம் செய்தபோது, 1920-இல் பெருங்காமநல்லூரில் உயிரைக் கொடுத்து எதிர்த்த தேசம் இது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அதே சட்டத்தை வீட்டுக்குள் நடத்துவது நமக்கு எவ்வாறு பொருந்தும்?

ஆங்கிலப் புத்தகம் படித்த பெற்றோர் இதற்கு நேர்மாறான பிழையைச் செய்கிறார்கள். குழந்தை செய்யும் யாவற்றுக்கும் தாயைப் பிரிந்த துயரமே காரணம் என்று நிச்சயித்து, 'பற்றுக் குறைபாடு' என்று தாமே பெயர் சூட்டிவிடுகிறார்கள். இது கேட்பதற்கு இரக்கமாய்த் தோன்றினாலும் அபாயமற்றதன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், இப்பெயர் சூட்டப்பெற்ற பத்து வயது ஸ்வீகாரச் சிறுமி ஒருத்தியை, 'மறுபிறப்பு' அளிப்பதாகச் சொல்லித் துணியில் சுற்றி மேலே அழுத்தினர். மூச்சு முட்டுகிறதென்று அவள் கெஞ்சியும் விடவில்லை, அவள் இறந்தாள். சிகிச்சை செய்தவர் இருவருக்கு மறு வருஷம் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

உண்மை இவ்விரு தீர்ப்புகளுக்கும் அப்பால் இருக்கிறது. 1989-இல் ருமேனியாவின் சர்வாதிகாரி வீழ்ந்தபின், பெரும்பாலும் அந்நாட்டு அநாதை விடுதிகளிலிருந்து இங்கிலாந்துக்கு ஸ்வீகாரமாய் வந்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநோய் வைத்தியரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆறு மாதத்துக்குள் விடுதியை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே பிறந்து ஸ்வீகாரம் போன குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் கிடந்தவர்களில் பலரிடம் கவனக் குறைவும், ஆட்டிஸம் போன்ற நடத்தையும், அந்நியரிடம் கூச்சமின்றிச் செல்லும் வழக்கமும் தங்கின. ஆயினும் அவர்களிலும் யாதொரு குறையுமின்றி வளர்ந்தவர்கள் உண்டு. ஆகவே வைத்தியர் கேட்கவேண்டிய கேள்வி, குழந்தை எந்த இரத்தம் என்பதன்று. எத்தனை மாதம் எந்த விடுதியில், யார் கையில் கிடந்தது என்பதேயாகும்.

அதைக் கேட்டபின்னரும் அவசரம் கூடாது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது மந்தமாயிருக்கலாம். நடுவில் சில விநாடி வெறித்துப் பார்ப்பது சோம்பலன்று, வலிப்பின் ஒரு வகையாயிருக்கலாம். தைராய்டுக் குறைவும் இரத்தசோகையும் புத்தியை மந்தப்படுத்தும். இவற்றைப் பரீக்ஷித்து விலக்கிய பிறகே மனத்தின் பக்கம் திரும்பவேண்டும். அங்கும், ஏ.டி.எச்.டி. என்று நிர்ணயிக்க வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது ஆறு மாதமேனும் அக்குறிகள் காணப்படவேண்டும் என்பது விதி. உபாத்தியாயரை ஒரு வார்த்தை கேளாமல் பத்து நிமிஷத்தில் எழுதித் தரும் சீட்டை நாம் நிர்ணயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டோம். பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும் என்பதனாலேயே இவ்வளவும் சொல்லுகிறோம். ஏ.டி.எச்.டி.க்கு மருந்து உண்டு. பற்றுக் குறைபாட்டுக்கு மருந்தில்லை. மாறாத ஒரு வளர்ப்பாரின் நிதானமே அதற்கு வேண்டும். ஆட்டிஸத்துக்கோ சீக்கிரம் தொடங்கும் பயிற்சி வேண்டும்.

நிற்க, சட்டத்தின் பங்கையும் பார்ப்போம். 1984-இல் லக்ஷ்மீகாந்த பாண்டே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அந்நிய நாட்டுக்கு ஸ்வீகாரம் போகும் குழந்தையைப் பற்றிய விவர அறிக்கை அவசியமென்று விதித்தது. இன்றைய விதிகளின்படி, குழந்தையை ஏற்கச் சம்மதிக்கும் முன்பே அதன் வைத்தியப் பரிசோதனை அறிக்கையைத் தம் வைத்தியரிடம் காட்டிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில் நாணம் எதற்கு? பெற்றவளின் பெயர் இரகசியமாகவே இருக்கட்டும். பிறந்தபோது இருந்த எடையும், விடுதியில் கிடந்த மாதங்களும், வந்த காய்ச்சல்களும் குழந்தைக்குச் சொந்தமானவை.

அதே விதிகள் ஆறு மாதத்துக்கொரு முறை இரண்டு வருஷம் மட்டுமே மேற்பார்வை வைத்திருக்கின்றன. ஒரு வயதில் வீடு வந்த குழந்தைக்கு இது மூன்று வயதில் முடிந்துவிடுகிறது. தொல்லை வெளிப்படுவதோ பெரும்பாலும் பள்ளியில் சேர்ந்தபின். அப்போது பெற்றோர் யாரிடம் போவது? வழி தெரியாத சிலர் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கும் நிலைக்கு வருகிறார்கள். கடையில் வாங்கிய பண்டமா அது!

2022 செப்டம்பர் முதல் ஸ்வீகார உத்தரவைப் பிறப்பிப்பவர் ஜில்லா கலெக்டர். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் ஆரோக்கியத் திட்டமோ, பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்க ஜில்லாதோறும் ஆரம்பகால இடையீட்டு மையம் வைக்க வகை செய்திருக்கிறது. உத்தரவோடு அம்மையத்துக்கு ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுக்கவும், மேற்பார்வையைக் குழந்தை பள்ளியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகும் வரையில் நீட்டவும் சர்க்கார் உடனே ஏற்பாடு செய்யவேண்டுமென்று கோருகிறோம்.